நாதன் நடந்துபோன பக்கம்

பருத்திப்பட்டு பொன்னியம்மா எந்தப் புத்தகத்தையும் பின்னாலிருந்துதான் கிழிப்பாள். முன்பக்கத்தில் கை வைக்கவே மாட்டாள். எழுத்து என்று ஒன்று எழுதினால் மேலே பிள்ளையார் சுழி போடாமல் எவனாவது எழுதுவானா? அந்தச் சுழி போட்ட தாளில் வேர்க்கடலை கட்டிக் கொடுத்தால் கை விளங்குமா? அதனால் அட்டையை ஒட்டிய முதல் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்து, கூவத்தில் தண்ணீர் ஓடுகிற நாளாகப் பார்த்து விட்டுவிட்டு வருவாள். அவளுக்குத் தெரிந்த ஒரே எழுத்து அந்த 'உ'தான். அதற்கு அவள் கொடுத்த மரியாதையைப் படித்தவர்கள்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த மரியாதைதான் அவளை நாலு மாசம் நாய் படாத பாடு படுத்தியது.

அது சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடி, பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆவடியில் மிலிட்டரி டிப்போ எழும்பிக்கொண்டிருந்தது. பருத்திப்பட்டு ஆட்களில் பாதிப்பேர் ஏர் பிடித்த கையால் மண்வெட்டி பிடித்துக்கொண்டு கேட்டுக்கு உள்ளே போனார்கள். பொன்னியம்மா கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் சட்டியை வைத்து, மணலைப் போட்டு, கடலை வறுக்க உட்கார்ந்தாள். சங்கு ஊதி ஆட்கள் வெளியே வரும்போது சட்டியைக் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவாள். அந்த ஓசைக்கே பாதிக் கடலை விற்றுவிடும்.

முப்பது வயசு இருக்கும். நெற்றியில் குங்குமம் பெரிசாக வைப்பாள். வாய் ஓயாது. அவளிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம், எதைப் பார்த்தாலும் கேட்பது. இந்த லாரிக்குப் பத்து சக்கரம் எதுக்கு? வெள்ளைக்காரனுக்கு வெயிலில் காது மட்டும் ஏன் சிவக்கிறது? பதில் சொல்லாமல் நழுவினால் கடலையில் ஒரு கை குறைந்துவிடும். அதற்குப் பயந்தே பலபேர் தெரியாததற்கும் பதில் சொன்னார்கள்.

ஆனால் ஒரு கேள்வி இருந்தது. அதை அவள் யாரிடமும் கேட்பதில்லை. மற்றவர்கள்தான் அவளிடம் கேட்டார்கள்.

அவள் புருஷன் துலுக்கானம் ரங்கூனுக்கு அரிசி மில் வேலைக்குப் போனவன். ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் நம் ஜனங்கள் எல்லாரும் காட்டு வழியாக நடந்தே வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் அவனும் கிளம்பினான். நசரத்பேட்டை திருவேங்கடம் அவனோடு கூடவே வந்தவன். எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்த திருவேங்கடம் சொன்னது இவ்வளவுதான்: நடுவழியில் ஒரு பெரிய ஆறு. கரையில் படகுக்கு அடிதடி. துலுக்கானம் படகில் ஏறவில்லை. மலைமேல் ஏறி வேறு வழியாக வருகிறேன் என்று நடந்து போய்விட்டான். அதற்கப்புறம் யாரும் அவனைப் பார்க்கவில்லை.

"தண்ணியக் கண்டாலே அவனுக்கு பயம்மே. அதான் ஏறல" என்றான் திருவேங்கடம். ஊரும் அதையே சொல்லிச் சிரித்தது. செத்தவனைப் பற்றிச் சிரிப்பது போல் அடக்கமாகத்தான் சிரித்தது. பொன்னியம்மாவுக்கு அந்த அடக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது புத்தகத்துக்கு வருவோம்.

கேம்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பட்டாளம் வடக்கே கிளம்பிப் போனபோது, விட்டுப்போன குப்பையைப் பழைய பேப்பர்காரர் மூட்டையாக அள்ளினார். பொன்னியம்மாவிடம் வந்த மூட்டையில் பட்டாளத்து முத்திரை குத்திய தடிமனான புத்தகம் ஒன்று இருந்தது. திறந்து பார்த்தாள். முதல் தாளின் தலையில் கொடி போல ஒரு வளைவு, அதற்குக் கீழே ஒரு கோடு. 'பாத்தியா, வெள்ளைக்காரனுக்கும் புள்ளையாரு வேணும்' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அச்சாபீஸ்காரன் அழகுக்குப் போட்ட பூ வேலை அது. அவளுக்கு எப்படித் தெரியும்? அட்டையைப் பிய்த்து அடுப்பில் போட்டுவிட்டு, தையல் போட்ட தாள்கட்டை வீட்டுச் சுவரில் ஆணியில் மாட்டினாள். முதல் நாள் பின்னாலிருந்து பன்னிரண்டு தாள் கிழித்தாள். பன்னிரண்டு பொட்டலம். யார் வாங்கினார்கள், எந்தப் பக்கம் போனார்கள், யார் கண்டது?

மறுநாள் பதின்மூன்றாவது தாள் ஸ்டோர் கிளார்க் ஜானகிராமன் கைக்குப் போனது. மயிலாப்பூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர், கண்ணாடி போட்ட ஒல்லி மனுஷர். அன்றைக்குக் கடலையை ஜிப்பாப் பையில் கொட்டிக்கொண்டு தாளை மட்டும் கையில் வைத்து மரத்தடியிலேயே நின்றுவிட்டார். ரயில் ஊதியது. அவர் அசையவில்லை.

"இன்னா சார், வண்டி போவுது. காயிதத்தயே மொறச்சுகினு கீறீங்க?"

"போகட்டும். அடுத்த வண்டி இருக்கு. இது ஏதோ பிரயாணக் கதை, பொன்னியம்மா. அமெரிக்காவுல ஒரு ஆறு. பாறையை அறுத்துக்கிட்டு ஒரு மைல் ஆழத்துல போகுதாம். அதுக்குள்ள படகுல போயிருக்காங்க, இதுக்கு முன்னாடி மனுஷன் போகாத இடம்."

"ஆறு எப்பிடி சார் ஆழத்துல போவும்? நம்ம கூவத்துல முட்டிக்குமேல தண்ணி வந்தா கரைய தாண்டி வயலுக்குள்ள பூந்துடுது."

ஜானகிராமன் யோசித்தார். "இங்கேர்ந்து ஆவடி ஸ்டேஷன் தூரம் இருக்கே, அந்த ரோட்டைத் தூக்கி நிமிர்த்தி வெச்சுக்கோ. ரெண்டு பக்கமும் அவ்ளோ உயரம் பாறைச் சுவர். அடியில ஆறு. ஆகாசம் ஒரு ரிப்பன் அகலம்தான் தெரியுமாம்."

பொன்னியம்மா ஸ்டேஷன் ரோட்டைப் பார்த்தாள். அதை மனசுக்குள் நிமிர்த்தினாள். "யம்மாடி!" என்றாள். கரண்டி சட்டியிலேயே கிடந்து சுட்டது.

"இந்தத் தாள்ல என்ன நடக்குதுன்னா, படகுக்காரங்கள்ல ஒருத்தன் பிரிஞ்சு போறான். ஒரு பையில ரொட்டி, தோள்ல கயிறு. படகு வேண்டாம், இந்தப் பாறைமேல ஏறிப் போறேன்னு ஏறுறான். கீழே இருக்கிறவங்க தொப்பியை ஆட்டுறாங்க. அவ்ளோதான், தாள் முடிஞ்சுபோச்சு."

பொன்னியம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அவன் பேரு இன்னா சார்?"

"நாதன்."

"இன்னாது?"

"நாதன். அவங்க ஊர்லயும் அந்தப் பேர் உண்டு."

கூத்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரிச்சந்திரன் கூத்தானாலும் சரி, வேறு எந்தக் கூத்தானாலும் சரி, பொம்பளை வேஷக்காரன் மார்பில் அடித்துக்கொண்டு "நாதா! நாதா!" என்று கூப்பிட்டால் அது புருஷனைத்தான். பொன்னியம்மா பொழுது விடிய விடிய அதைக் கேட்டு அழுது வளர்ந்தவள். படகில் ஏறாமல் மலைமேல் நடந்துபோனவன் பேர் நாதன். அவள் வேறு என்ன நினைப்பாள், நீங்களே சொல்லுங்கள்.

"அப்பறம் அவன் இன்னா ஆனான்?"

"அடுத்த தாள் இருந்தா சொல்லலாம்."

அடுத்த தாள் நேற்றே போய்விட்டது. பன்னிரண்டும் போய்விட்டது. பின்னாலிருந்து கிழித்தால் அடுத்தது எதுவோ அது முந்தியே போய்விடும் என்று அவள் இதுவரை நினைத்ததே இல்லை.

அன்றிலிருந்து அந்தப் புத்தகத்தின் படிக்காத தாளில் வேறு எவனுக்கும் பொட்டலம் கிடையாது. தினம் ஒரு தாள், ஜானகிராமனுக்கு மட்டும். அவர் படித்துச் சொல்ல வேண்டும். அதுதான் பேச்சு. சொல்லி முடித்த தாள் மறுநாள் வேறு யாருக்காவது பொட்டலமாகும். "முழுப் புஸ்தகத்தையும் கொண்டுவாயேன்" என்று அவர் முதல் வாரமே கேட்டார். "புஸ்தகமா? உதிரி காயிதம் சார், மூட்டையில கெடக்குது" என்று கூசாமல் பொய் சொன்னாள். பட்டாளத்து முத்திரை குத்தின புத்தகத்தோடு கேட் வாசலில் சிப்பாய் அவரைப் பிடித்தால் திருட்டு என்பான். தாள்தான் என்றால் குப்பை என்பான். அது ஒரு காரணம். நிஜக் காரணம் வேறு. முழுசாகக் கொடுத்தால் மனுஷர் ஒரே மூச்சில் படித்துவிட்டுப் போய்விடுவார். முழுக்கதை தெரிந்தவனுக்குக் கடலைக்காரியிடம் உட்கார்ந்து சொல்லப் பொறுமை இருக்குமா? அவளுக்குத் தெரியாத மனுஷ சுபாவமா!

உதிரித் தாள் மட்டும் எப்படி வரிசை தப்பாமல் வருகிறது என்று ஜானகிராமன் கேட்கவில்லை. அவருக்கும் அது புரிந்துதான் இருந்தது. அவரும் அந்த விளையாட்டுக்கு ஆளாகிவிட்டார்.

கதை பின்னாலிருந்து நடந்தது. பங்குனியில் இரண்டு படகோடு இருந்தவர்களுக்குச் சித்திரையில் மூன்று படகு ஆனது. சுக்குநூறாக உடைந்த படகு நாலு தாள் கழித்து நல்லபடியாக மிதந்தது. மாவு இல்லாமல் பட்டினி கிடந்தவர்களுக்கு முதலில் பூஞ்சை பிடித்த மாவும், அப்புறம் நல்ல மாவும், அப்புறம் மூட்டை மூட்டையாகப் பன்றிக்கறியும் வந்தது. கிழிந்த சட்டை முழுசானது, தாடி குறைந்தது.

"அப்போ நான்தான் சார் ஆத்த திருப்பி உட்டுட்டேன்" என்று சிரித்தாள் பொன்னியம்மா. "இப்பிடியே கிழிச்சுகினு போனா எல்லாரும் அவங்கவங்க ஊட்டுக்கே போய்ச் சேந்துடுவானுங்கோ."

அவள் கேட்ட கேள்விகளுக்கு அந்தப் புத்தகம் எழுதியவனே திணறியிருப்பான். அந்தப் பள்ளத்துக்குள் சூரியன் எத்தனை நாழிகை இருக்கும்? பாம்பு உண்டா? படகு கவிழ்ந்தால் தீப்பெட்டி நனையாதா? அத்தனை ஆம்பளைகளில் சமைத்தவன் யார்? உப்பு எங்கே வைத்தான்? ஒரு நாள் ஜானகிராமன், பாறைச் சுவரில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று பட்டை பட்டையாக இருக்கிறதாம், ஒவ்வொரு பட்டையும் ஒரு யுகமாம் என்று படித்தார். மறுநாள் பொன்னியம்மாவைக் காணோம். டிப்போவில் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். கேட் சிப்பாய்க்கு ஒரு கை கடலை கொடுத்துவிட்டு உள்ளே போய், அந்தக் குழியின் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே செம்மண், கீழே சரளை, அதற்கும் கீழே வெளுத்த களிமண். "மூணு யுகம் கீது சார்" என்று வந்து சொன்னாள். புடவையெல்லாம் மண். ஜானகிராமன் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"கீழ இன்னா சார், எறும்பு ஊர்ற மாதிரி?" என்று ஒரு நாள் தாளின் அடியைக் காட்டிக் கேட்டாள்.

"அது அடிக்குறிப்பு. பொடி எழுத்து. அதுல ஒண்ணும் இருக்காது, யாரும் படிக்க மாட்டாங்க. என் கண்ணாடிக்கும் அது ஆகாது."

"சரி, வுடு சார். மேல படி."

வைகாசி கடைசியில்தான் நாதன் எதற்காகப் பிரிந்தான் என்பது வந்தது. புத்தகம் எழுதிய கேப்டன் பின்னால் நடக்கப்போவதை ஒரு தாளில் முந்தியே சொல்லியிருந்தார். மீதி இருந்த இரண்டு படகும் ஐந்து பேரைத் தாங்காது. யாராவது ஒருத்தன் இறங்க வேண்டும். யாரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் நாதன் தானாகவே கயிற்றைச் சுருட்டத் தொடங்கினானாம். இதைக் கேட்டதும் பொன்னியம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்போ பயந்துகினு போவல."

"இல்லை."

"எடம் இல்லன்னு எறங்கிப் போனான்."

"ஆமாம்."

அவள் அழுதாள். வாடிக்கைக்காரர்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல் அழுதாள். திருவேங்கடம் சொன்னதை அவள் அன்றைக்குத்தான் ஜானகிராமனிடம் சொன்னாள். பாவம் மனுஷர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளும் அவர் இதை ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தார்.

ஆனி பிறந்ததும் மூத்தார் செங்கல்வராயன் வந்தார். துலுக்கானத்துக்குக் கூடப்பிறந்தவர், அவர் ஒருத்தர்தான். கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. தம்பி பேரை எடுத்தாலே குரல் உடைந்துவிடும்.

"வருசம் தாண்டிடுச்சு பொன்னி. செத்தவனுக்கு ஒரு எள்ளு, ஒரு வாய்த் தண்ணி எறைக்கல. அவன் எந்தக் காட்டுல அலையறானோ. ஆடி அமாவாசைக்கு ஏரிக்கரையில காரியத்த முடிச்சுடலாம். நீயும்..." என்று அவள் நெற்றியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். குங்குமத்தை அழித்து, வளையலை உடைத்து, தாலியை வாங்கிவிடுவார்கள். அதைத்தான் அவர் சொல்லாமல் விட்டார்.

"செத்தத யாரு பாத்தா மாமா?"

"இருந்தா ஒரு கடுதாசி வராதா?"

"ஆடி அமாவாச வரைக்கும் டயம் குடு" என்றாள். அதற்குள் என்ன தெரிந்துவிடப் போகிறது என்று அவர் கேட்டார். அவள் மனசில் இருந்ததைச் சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்பார். அந்த நாதன் பிழைத்தானா இல்லையா என்று தெரிந்துவிட்டால் போதும் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். பிழைத்திருந்தால் குங்குமம் இருக்கும். செத்திருந்தால் மூத்தார் சொன்னபடி. வெள்ளைக்காரன் கதைக்கும் உன் தாலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டுமே. அவளுக்குக் கிடைத்தது அதுதான்.

முடிவு இருந்தது அந்தப் பன்னிரண்டு தாளில். தேடக் கிளம்பினாள். பங்குனி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை என்னிடம் கடலை வாங்கினாயா என்று கேட்டுக்கொண்டு கொத்தனார், சித்தாள், லாரி டிரைவர் ஒருத்தர் விடாமல் பிடித்தாள். "கடலை துன்ன காயிதத்த எவனாவது பீரோவுல வெச்சுப் பூட்டுவானாக்கா?" என்று சிரித்தார்கள். பாடியிலிருந்து வருகிற ஒருத்தன் வீட்டில் காகிதம் சேர்க்கிற பழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டு அங்கே நடந்தே போய்வந்தாள். அவன் சேர்த்தது சிகரெட் அட்டை. பூந்தமல்லிச் சந்தையில் வெற்றிலைக் கடை வைத்திருந்தவனிடம் ஒரு தாள் இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் அது ரயில்வே டயம் டேபிள். ஆடியும் பிறந்து பாதி போய்விட்டது. ஜானகிராமன் பாவம், அவள் கொடுத்த தாளைப் படித்துச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். படகுக்காரர்கள் இப்போது ஆற்றுக்கே வந்து சேரவில்லை, ஊரில் படகு செய்துகொண்டிருந்தார்கள். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

கிடைத்தது எங்கே தெரியுமா? அவள் உட்காருகிற இடத்திலிருந்து பத்தடி தள்ளி. சைக்கிள் ரிப்பேர் சம்பத் பஞ்சர் பெட்டியைத் திறந்தபோது மூடியின் உள்பக்கம் ஒரு படம் ஒட்டியிருந்தது. பெரிய பாறை, அதன் காலடியில் ஓடுகிற ஆறு.

"இது ஏதுடா சம்பத்து?"

"உன் பொட்டலந்தான்க்கா. படம் சோக்கா இருந்துச்சு, ஒட்டி வெச்சேன்."

அவள் தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஓரம் கிழியாமல் அதை உரித்து எடுத்தாள். சாயங்காலம் ஜானகிராமன் வந்ததும் நீட்டினாள்.

அவர் படித்தார். உரக்கப் படிக்கவில்லை. மறுபடி படித்தார்.

"சொல்லு சார்."

"நாளைக்குச் சொல்றேனே."

"இன்னிக்கு சொல்லு. நாளான்னிக்கு அமாவாச."

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். படகுக்காரர்கள் வெளியே வந்து ஒரு மாசம் காத்திருந்தார்கள். ஆள் அனுப்பித் தேடினார்கள். பாறை உச்சியில் நாதனுடைய கயிறும் ஒற்றைச் செருப்பும் கிடைத்தன. துப்பாக்கியால் மூன்று தரம் ஆகாசத்தில் சுட்டு, தொப்பியைக் கழற்றி, சாமி கும்பிட்டார்கள். இந்தப் பாறைக்கு நாதன் பாறை என்று பேர் வைத்தோம், அவனுக்கு வேறு சமாதி கிடையாது என்று கேப்டன் எழுதியிருந்தார்.

பொன்னியம்மா சட்டியில் இருந்த கடலையை மணலோடு அப்படியே விட்டுவிட்டு எழுந்து, நேரே மூத்தார் வீட்டுக்குப் போனாள். "பண்டாரத்துக்கு சொல்லி அனுப்பு மாமா" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். செங்கல்வராயன் உள்ளே உட்கார்ந்து விம்மினார்.

மறுநாள் மத்தியானம் அவள் கடலை வறுக்க வரவில்லை. சங்கு ஊதிய பிறகு வந்தாள். முந்தானையில் சுற்றி எடுத்துவந்த தாள்கட்டை ஜானகிராமன் முன்னால் போட்டாள். பதினைந்து தாள் போல மிச்சம் இருந்தது. முத்திரையும் தெரிந்தது. கேட் சிப்பாய் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றாகிவிட்டது அவளுக்கு.

"எடுத்துகினு போ சார். பொய் சொல்லிட்டேன், புஸ்தகமாத்தான் இருந்துச்சு. எனக்கு இனிமே எதுக்கு? முதல் தாளு மட்டும் குடுத்துடு. புள்ளையாரு சுழி கீது, ஆத்துல உடணும்."

ஜானகிராமன் முதல் தாளைப் பிரிக்கக் கட்டைத் திருப்பினார். பிரிப்பதற்கு முன் பழக்க தோஷம், கண் எழுத்தில் போனது. போனது அங்கேயே நின்றது.

"பொன்னியம்மா, உக்காரு."

"இன்னாத்துக்கு?"

"உக்காருன்னு சொல்றேன்ல!" மனுஷர் குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை. உட்கார்ந்தாள். "இது முகவுரை. கேப்டன் எழுதினது. கேளு. 'இந்தப் புத்தகத்தில் நாதன் இறந்துவிட்டான் என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. பத்தொன்பது மாதம் கழித்து ஒரு காலையில் அவன் என் வீட்டுக் கதவைத் தட்டினான். மலைக்கு அப்பால் ஆடு மேய்க்கிறவர்களிடம் ஜுரத்தில் கிடந்து, பனிக்காலம் கழிந்து, நடந்தே வந்திருந்தான். எழுதியதை அடித்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம், உனக்கு அன்றைக்கு அப்படித்தான் தெரிந்தது, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான். என் தவறுகளை எல்லாம் அவன் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொடி எழுத்தில் திருத்தியிருக்கிறான்.'"

பொன்னியம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியிலயா?"

"அடிக்குறிப்பு." ஜானகிராமன் அவசர அவசரமாகத் தாள்களைப் புரட்டினார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தாளைக் கண்ணோடு ஒட்ட வைத்துக்கொண்டார். "இதோ, பதினெட்டாம் பக்கம். நாதனுக்குத் தண்ணி என்றால் பயம், கூட்டிப் போவதா என்று யோசித்தேன்னு கேப்டன் எழுதியிருக்கார். கீழே பாரு: 'பயம் இல்லை. அன்று காலை கேப்டன் காய்ச்சின கஞ்சியைக் குடித்திருந்தேன். வயிறு சரியில்லை. நாதன்.'"

அவளுக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் முழங்கையில் ஒரு அடி வைத்தாள்.

"பாவி மனுசா! நாலு மாசமா அவன் கீழ குந்திகினு பேசிகினே வந்துகீறான். ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லி நீ தாண்டித் தாண்டிப் போயிருக்கியே!"

ஜானகிராமன் கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தார். நூறு தாள். நூறு தாளின் அடியிலும் அந்த மனுஷன் உயிரோடு கையெழுத்துப் போட்டிருந்தான். எல்லாம் கடலையோடு போய்விட்டது. "மன்னிச்சுடு, பொன்னியம்மா" என்றார்.

"நான் இன்னா ஒழுங்கு? மொத தாளுலயே கீது, அத தொடாம வாலப் புடிச்சுகினு பூந்தமல்லிக்கும் பாடிக்கும் அலஞ்சேன்." விரல்களை மடக்கி எண்ணினாள். துலுக்கானம் மலையேறிப் போனது போன வருஷம் சித்திரையில்; அதிலிருந்து இந்த ஆடி. "அவன் வர்றதுக்கு பத்தொம்போது மாசம் ஆச்சு. நம்பளுக்கு பதினஞ்சுதானே ஆவுது?"

"ஆமாம். ஆனா பொன்னியம்மா, இது கதைல வர்றவன். உன் புருஷன் விஷயம் அப்படித்தான்னு நான் சொல்லமுடியாது."

"தெரியும் சார்" என்றாள். "அவ்ளோ பைத்தியம் இல்ல நான்."

அமாவாசை காலையில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் கூட்டம். அவரவர் அப்பன் பாட்டனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். செங்கல்வராயன் இலை போட்டு, பிண்டத்துக்குச் சோறு வடித்து வைத்திருந்தார். பண்டாரம் தர்ப்பையை விரலில் மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். சாட்சிக்கு நசரத்பேட்டை திருவேங்கடமும் வந்திருந்தான். இரண்டு கிழவிகள் புது வெள்ளைப் புடவையோடு ஓரமாக நின்றார்கள்.

பொன்னியம்மா வந்தாள். நெற்றியில் குங்குமம் நேற்றைவிடப் பெரிசாக இருந்தது. கை நிறைய வளையல். கிழவிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"காரியம் வேணாம் மாமா."

"முந்தாநேத்து நீதானே வந்து சொன்னே?" செங்கல்வராயனுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இன்னாம்மே வெளையாடறியா? அவன் ஆத்மா அலையுது. இவன் கூட இருந்து கண்ணால பாத்தவன், சொல்றான்."

அவள் திருவேங்கடத்தின் பக்கம் திரும்பினாள். சண்டை போடுகிற குரலில் இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது இருந்த அதே ஆர்வத்தோடு கேட்டாள்.

"அண்ணாத்தே, நீ எதுல வந்தே?"

"படகுலம்மா. சொன்னேனே."

"அவரு செத்தத பாத்தியா, போனத பாத்தியா?"

திருவேங்கடம் ஏரியைப் பார்த்தான். "போனத" என்றான். யாரும் கேட்காமலே, "படகுல ஒரு எடந்தான் இருந்துச்சு" என்றும் சொன்னான்.

ஒன்றேகால் வருஷமாக அவன் வயிற்றுக்குள் இருந்தது அது.

பொன்னியம்மா அவனைத் திட்டவில்லை. மூத்தாரைப் பார்த்துச் சொன்னாள்: "கேட்டியா மாமா? இதுவரைக்கும் சொன்னதெல்லாம் படகுல வந்தவங்க சொன்னது. நடந்து போனவரு இன்னும் ஒண்ணும் சொல்லல. அவரு வந்து சொல்லட்டும்."

செங்கல்வராயன் இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பண்டாரத்தைப் பார்த்து, "எங்க அப்பனுக்கு மட்டும் பண்ணு சாமி" என்றார்.

அன்று சாயங்காலம் சங்கு ஊதும்போது புளியமரத்தடியில் கரண்டி வழக்கம்போல இரண்டு தட்டு தட்டியது. அதற்குப் பிறகு சண்டை முடிந்தது, பட்டாளம் போனது, துலுக்கானம் வந்தானா என்று கேட்டவர்களுக்கெல்லாம் "நடந்துகினு கீறாரு" என்று ஒரே பதில் சொன்னாள். அந்த முதல் தாளை மட்டும் அவள் ஆற்றில் விடவில்லை.